மடிப்பில் போன இரண்டு எழுத்து

நீங்கள் முதலில் கொடுங்கள், தம்பி. எனக்கு அவசரம் இல்லை. பாய், இவர் வேலையைப் பாருங்கள். என்னுடையது அப்படியே மேசையில் இருக்கட்டும்.

அட, அதனால் என்ன. உங்களுக்கு முன்னால் மூன்று பேரை விட்டுவிட்டேன். ஒருவர் வெங்கடாசலபதி, ஒருவர் பள்ளிக்கூட குரூப் போட்டோ, ஒரு அம்மா கண்ணாடி உடைந்த முருகன். நீங்கள் நாலாவது. என்ன படம், கல்யாணமா? பன்னிரண்டுக்குப் பதினெட்டு இருக்கும். கண்ணாடி வெட்டி, சட்டம் அடித்து, பின்பக்கம் அட்டை ஒட்ட அரை மணி நேரம் ஆகும். உட்காருங்கள். அந்த ஸ்டூல் ஆடும், இதில் உட்காருங்கள்.

நான் பொதுவாக யாரிடமும் பேச மாட்டேன். கூச்ச சுபாவம். கல்யாணமான முதல் வருஷம் முழுக்க நான் பேசியது நாற்பது வார்த்தைதான் என்று என் மனைவி பிரமு ஊரெல்லாம் சொல்வாள். அது தப்பு. அவளுக்கு எண்ணத் தெரியாது. 

இன்றைக்குப் பேச வேண்டியதாகிவிட்டது. பாய் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். “மடிச்சு வைக்கவா அண்ணாச்சி, விரிச்சு வைக்கவா?” அவ்வளவுதான் கேள்வி. பத்து இருபதுக்குக் கேட்டார். இப்போது மணி பதினொன்று முப்பத்தைந்து. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதோ இந்தப் படம்தான். தொடாதீர்கள், உதிரும். தலைப்பாகை, கோட்டு, கையில் குடை, காலில் செருப்பு இல்லை. எங்கள் பூட்டனார், தாத்தாவுக்கு அப்பா, ஆவுடைநாயகம். ஊர் புலியடிக்குறிச்சி. படத்துக்குக் கீழே இந்தக் காகிதம். 1925 ஆவணியில் ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. நூறு வருஷம் ஆகிறது. சரியாகச் சொன்னால் நாளைக் காலையோடு நூறு.

எங்கள் தாத்தா சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போய், அங்கேயே முடிந்துவிட்டார். அப்பாவும் பெரியப்பாவும் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர்கள். அதனால் பூட்டனாரைப் பற்றிச் சொல்ல ஆளே இல்லை. மிஞ்சியது இந்தப் படமும் காகிதமும். ஒரே சட்டத்துக்குள் இரண்டையும் போட்டு யாரோ கண்ணாடி அடித்திருந்தார்கள். பெரியப்பா மகன் சிதம்பரவேலு அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. சட்டத்துக்கு வெளியே தெரிகிற எழுத்து இவ்வளவுதான். எனக்கு மனப்பாடம்.

மிராசுதார் ஆவுடைநாயகம்
ர்கள் இம்மாதம் 9ந் தேதி காலை
லோக பதவி அடைந்தார்கள். ஊரார்
திரளாக வந்து வழியனுப்பினர்.
ரது இடம் நிரப்ப ஆளில்லை.

ஐந்து வரி. ஒவ்வொரு வரியிலும் தொடக்கத்தில் இரண்டிலிருந்து நாலு எழுத்து வரை சட்டத்துக்குள் போயிருந்தது.

சிரிக்கிறீர்களே? இருங்கள், நான் இன்னும் அங்கே வரவில்லை.

அண்ணாச்சி படித்தவர். பி.டி. வாத்தியார். வயது எழுபத்தொன்பது. முப்பத்தாறு வருஷம் விசில் ஊதியதில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. எங்களுக்கும்தான். அவர் பத்தாவது படிக்கும்போதே இந்தக் காகிதத்தை வாசித்து எங்களுக்கெல்லாம் விளக்கிச் சொன்னார். “லோக பதவி இல்லலே. லோகல் பதவி. அந்தக் காலத்து அச்சுல ‘ல்’ உதிர்ந்திருக்கும். லோகல் போர்டு! வெள்ளைக்காரன் நம்ம பூட்டனைக் கூப்பிட்டு லோகல் போர்டுல பதவி குடுத்திருக்கான். ஆபீசு வெளியூர்ல. அதான் ஊரே வந்து வழியனுப்பியிருக்கு.”

எனக்கு அப்போது ஏழு வயது. ஏழு வயதில் யார் மறுத்துப் பேசுவார்கள்? எழுபத்திரண்டு வயதிலும் நான் அண்ணாச்சியிடம் மறுத்துப் பேசியதில்லை.

அன்றைக்கு நிமிர்ந்தவர்தான் அவர். தம்பி, நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் நடப்பதைப் பின்னால் இருந்து பார்த்தால் தெரியும். வாத்தியார் வேலை கேட்டுப் போனபோது லோகல் போர்டைச் சொல்லித்தான் போனார். பெண் கேட்டுப் போனபோதும் அதைச் சொன்னார். வீடு கட்டி வாசலில் ‘லோகல் இல்லம்’ என்று பெயர் எழுதிப் போட்டார். பள்ளிக்கூடத்துப் பையன்கள் முதுகுக்குப் பின்னால் அவரை ‘செம லோக்கல்’ என்று சொல்வார்கள். ஒருநாள் அது அவர் காதில் விழுந்துவிட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியாலே, பிள்ளைகளுக்குக்கூட நம்ம பரம்பரை தெரிஞ்சிருக்கு” என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே குத்தாலம், நூறாவது வருஷம் வருது. பதவியேற்பு நூற்றாண்டு விழா எடுக்கோம். ஆனா வெறும் வாயில சொன்னா எவனும் நம்ப மாட்டான். ஆதாரம் வேணும். நீதான் சரியான ஆளு.”

நான் எட்டாவதுதான் படித்தேன். ஆனால் அவர் என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எண்ணுகிறவனாக இருந்தேன். முப்பத்தொரு வருஷம். ஏற்றும்போது ஒரு தடவை எண்ணுவேன், இறக்கும்போது ஒரு தடவை. கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. ஒரே ஒரு நாள் ஒன்று குறைந்தது. தேடிப் பார்த்தால் டிரைவர் அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். குற்றாலிங்கம் சொன்னால் சரியாக இருக்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பெயர். எனக்கு உள்ளது அந்த ஒரு பெயர்தான்.

அதனால் தேடினேன். நோட்டுப் போட்டுத் தேடினேன். ஆவணக் காப்பக அறைக்கு இருபத்தேழு நடை, நூலகத்துக்குப் பதினான்கு, கோவிலுக்கு ஐந்து. கோவிலுக்குச் சாமி கும்பிடப் போனதை நான் இதில் சேர்க்கவில்லை.

முதலில் கிடைத்தது பட்டா. 1925 வரைக்கும் நிலம் ஆவுடைநாயகம் பெயரில் இருக்கிறது. அடுத்த வருஷமே பூட்டி பெயருக்கு மாறியிருக்கிறது. ஓடிப்போய் அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் மேசையைத் தட்டினார். “பாத்தியாலே நேர்மையை! பதவிக்கு வந்ததும் சொத்தைத் தன் பேர்ல வச்சிக்கிடல. பொண்டாட்டி பேருக்கு எழுதிட்டாரு. இப்ப உள்ளவன் எவனாவது செய்வானா?” என்றார். பிரமு அங்கே காபி கொண்டு வந்தவள், “இப்ப உள்ளவன் எல்லாரும் அதைத்தான் செய்யுதான்” என்றாள். அண்ணாச்சிக்குக் காது கேட்காதது சில சமயம் நல்லது.

அப்புறம் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு. எங்கள் சின்னத் தாத்தாவை 1926இல் இரண்டாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டவர் தாய்மாமன். தகப்பனார் கையெழுத்து இல்லை. எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. பெற்ற பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஒரு நாள் வரக்கூடாதா? அண்ணாச்சி சொன்னார்: “போர்டு வேலைலே. சோறு திங்கவே நேரம் இருந்திருக்காது.” நானும் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். ‘பணிச்சுமை’ என்று.

கோவில் உபயப் பதிவேட்டில் கிடைத்ததுதான் எங்களுக்குப் பெரிய சந்தோஷம். அதே ஆவணி மாதம், ஆவுடைநாயகம் பெயரில் கோபுரத்தில் மோட்ச தீபம் ஏற்றியிருக்கிறார்கள். பதவி கிடைத்ததும் கோவிலில் விளக்குப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டேன். அர்ச்சகர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “மோட்ச தீபம்னா என்னன்னு தெரியுமோ?” என்று கேட்டார். “உயரத்தில் போடுகிற விளக்கு” என்றேன். “அதுவும் சரிதான்” என்று சொல்லி உள்ளே போய்விட்டார். எனக்குக் கூச்சம், மேலே கேட்கவில்லை.

தம்பி, நீங்கள் சிரிப்பதானால் சிரித்துவிடுங்கள். தண்ணீர் குடிக்கும்போது வேண்டாம். 

லோகல் போர்டு உறுப்பினர் பட்டியல்தான் சிக்கியது. மூன்று வருஷத்துப் பட்டியல், மொத்தம் ஐம்பத்திரண்டு பெயர். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை எண்ணினேன். ஆவுடைநாயகம் இல்லை. என்ன செய்வது? பட்டியல் தப்பு என்று மனுக் கொடுத்தேன். ஏழு மனு. ‘ஐம்பத்து மூன்று பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்திரண்டு இருக்கிறது, குறைந்த ஒன்று எங்கள் பூட்டனார்’ என்று விவரமாக எழுதினேன். பதில் வந்தது. ‘அப்படி ஒருவர் உறுப்பினராக இருந்ததாகப் பதிவேட்டில் காணப்படவில்லை.’ அண்ணாச்சி அதை வாசித்துவிட்டுச் சொன்னார்: “எவனோ வயித்தெரிச்சல்ல பேரை எடுத்திருக்கான். அவ்வளவு பெரிய ஆளா இருந்திருக்காரு, பாரு.” பேர் இல்லாததே அவருக்கு ஆதாரமாகிவிட்டது. மனுவும் பதிலும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

நூலகத்தில் பழைய பத்திரிகைப் பிரிவில் ஜெசிந்தா என்று ஒரு மேடம். நல்ல பொறுமைசாலி. ஆறு மாதம் எனக்காகத் தூசி தட்டினார். பதினான்காவது நடையில் என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“ஐயா, 1925 ஆவணிக்கு அப்புறம் இவரு எதுலயுமே வரலியே.”

“வெளியூர் போயிட்டாரும்மா.”

“ஒரு கடிதம்கூடப் போடலியா?”

“போட்ட மாதிரித் தெரியல.”

“லீவுக்கும் வரலியா?”

“வரல.”

“அப்ப ரொம்ப தூரந்தான் போல ஐயா” என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். நாளைய விழாவுக்கு அவருக்கும் அழைப்புப் பத்திரிகை கொடுத்திருக்கிறேன். பத்திரிகையைப் பார்த்ததும் அவருக்கு மறுபடியும் இருமல் வந்துவிட்டது.

அந்த விழாப் பத்திரிகையைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பாருங்கள். கடைசியில் இல்லை, நடுவில். ‘ஆவணச் சான்று: திரு. சு. குற்றாலிங்கம்’. என் பெயர் அச்சில் வருவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை என் கல்யாணத்துக்கு. அதில் எழுத்துப் பிழை. இதில் பிழை இல்லை. வந்த அன்றைக்குப் பத்தொன்பது தடவை வாசித்தேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு நான் மேடையில் எழுந்து, ‘எங்கள் பூட்டனார் பதவி அடைந்தது உண்மை, நான் ஆவணங்களைப் பார்த்துச் சரி என்று கண்டேன்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. அதற்கே ஒரு வாரமாகத் தனியாக நின்று சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றியத் தலைவர் சிறப்பு விருந்தினர். மேளம், நாதஸ்வரம், எல்லோருக்கும் லட்டு. குடும்பத்தில் ஐம்பத்தெட்டு பேர் வருகிறார்கள். வெளியாட்களோடு இருநூற்று நாற்பது.

விழாவுக்குக் கண்ணாடி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அண்ணாச்சி சொன்னார். செல் அரித்த சட்டத்தை மாற்றத்தான் இன்று காலை இங்கே வந்தேன். பாய் பின்பக்கத்து ஆணியைப் பிடுங்கினார். பதினொரு ஆணி. அட்டையை எடுத்தார். காகிதத்தை வெளியே எடுத்ததும் சொன்னார்: “அண்ணாச்சி, இதுல ஓரம் மடிச்சிருக்கு. சட்டத்துக்கு அடங்கலன்னு உள்ள தள்ளியிருக்காங்க.” ஒரு சின்னத் தகட்டை விட்டு மெதுவாக நீவினார். ஓரம் நிமிர்ந்தது. ஒவ்வொரு வரிக்கும் போன எழுத்து வந்தது. முதல் வரியில் ‘நம்மூர்’. இரண்டாவது வரியில் ‘அவ’. மூன்றாவது வரியில்...

ஆமாம். ‘சிவ’.

உங்களுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. அர்ச்சகருக்குத் தெரிந்திருக்கிறது, ஜெசிந்தா மேடத்துக்குத் தெரிந்திருக்கிறது. பாய்க்கே தெரிந்துவிட்டது. மெதுவாகக் கேட்டார்: “அண்ணாச்சி, இது மவுத்துச் செய்தில்லா?”

நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஆடுகிற ஸ்டூல். மூன்று வருஷம், நாற்பத்தாறு நடை. கிடைத்த எல்லாமே அவர் செத்துப்போனதற்கான அத்தாட்சி, தம்பி. ஒன்று விடாமல் சேகரித்திருக்கிறேன். பூட்டனார் இறந்ததை இவ்வளவு சுத்தமாக வேறு யாரும் நிரூபித்திருக்க முடியாது. பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு வைத்திருக்கிறேன்.

நாளைக்கு அவர் செத்த நாளுக்கு நாதஸ்வரம் வைத்து லட்டுக் கொடுக்கிறோம்.

எனக்கு முதலில் வந்த யோசனை, வாயை மூடிக்கொண்டு பழையபடி மடித்துவிடுவது. ஆனால் மடித்தால் நான் தெரிந்தே தப்பாக எண்ணியவன் ஆகிறேன். தெரியாமல் எண்ணியது வேறு. விரித்தால் அண்ணாச்சி? அறுபத்தைந்து வருஷமாக அந்த ஒரு சொல்லின் மேல் நிமிர்ந்து நடந்தவர். இருநூற்று நாற்பது பேர் முன்னால் குனிந்துபோவார். இரண்டு எழுத்து. நெல்மூட்டை என்றால் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடலாம்.

கடைசியில் தைரியம் வரவழைத்துக்கொண்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக அவரை மறுத்துப் பேசலாம் என்று.

“அண்ணாச்சி, லோகலுக்கு முன்னாடி ரெண்டு எழுத்து இருக்கு” என்றேன்.

“என்னது?”

“சிவ.”

“சிவா யாருலே?”

“சிவா இல்ல அண்ணாச்சி. சி, வ. சிவலோக பதவி.”

சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. வயசானவர், ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “சிவ... லோகலா?”

“ஆமா அண்ணாச்சி. அதுக்கு அர்த்தம்...”

“ஏலே!” என்று ஒரு சத்தம். பாய் கையில் இருந்த கண்ணாடியைக் கீழே போட இருந்தார். “ஏலே, சிவன் கோயில் போர்டுலே அது! தேவஸ்தான போர்டு! லோகல் போர்டுல ஐம்பத்திரண்டு பேரு இருந்தான்னு நீதானே சொன்ன? அதான் நம்ம பேரு அதுல இல்ல! நாமதான் தப்பான ஆபீசுல தேடியிருக்கோம்!”

“இல்ல அண்ணாச்சி, சிவலோக பதவின்னா...”

“தெரியும்லே எனக்கு! மோட்ச தீபம் ஏத்தினாங்கன்னு நீ சொன்னியா இல்லியா? கோயில் பதவின்னா கோயில்லதானே விளக்கு போடுவான்! எல்லாம் பொருந்துதுலே, எல்லாம் பொருந்துது! அந்த மடிப்பை நல்லா விரிச்சு மாட்டு. நாளைக்கு நானே தலைவர் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி அந்த ரெண்டு எழுத்தையும் விரல் வச்சுக் காட்டுவேன்.”

வைத்துவிட்டார். நான் சொன்ன உண்மையில் பூட்டனாருக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது.

அதற்கப்புறம் ஒரு மணி நேரமாக யோசிக்கிறேன். அண்ணாச்சி விரிக்கச் சொல்லிவிட்டார், உண்மையும் விரிக்கத்தான் சொல்கிறது. இரண்டும் ஒன்றாகிவிட்டது. மேடையில் என்ன சொல்வது என்பதுதான் மிச்சம். அதற்கும் ஒரு வரி கண்டுபிடித்துவிட்டேன். உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன், சொல் சொல்லாகக் கேளுங்கள். ‘எங்கள் பூட்டனார் நூறு வருஷத்துக்கு முன்னால் அடைந்த பதவியில் இன்றும் இருக்கிறார்.’ ஒன்பது சொல். எதில் பொய் இருக்கிறது? இதைவிடத் துல்லியமாக யாரும் சான்று கொடுக்க முடியாது. அண்ணாச்சியும் நிமிர்ந்தே இருப்பார், என் எண்ணிக்கையும் தப்பாகாது.

இருங்கள், போன் சத்தம் போடுகிறது. அண்ணாச்சிதான் ஏதோ படம் அனுப்பியிருக்கிறார். எனக்கு இந்த மூக்குக்கண்ணாடியில் சின்ன எழுத்துத் தெரியாது. நீங்கள் கொஞ்சம் வாசியுங்கள். ஃப்ளெக்ஸா? வரவேற்புப் பேனர். ஆமாம், போன வாரமே அடித்துவிட்டோம் என்றார்கள், முக்கு ரோட்டில் இன்று கட்டுவதாகச் சொன்னார்கள். என்ன போட்டிருக்கிறது?

‘வருக வருக, ஒன்றியத் தலைவர் அவர்களே.’ சரி.

‘எங்கள் பூட்டனார் ஆவுடைநாயகம் அடைந்த பதவியைத் தாங்களும்...’

தாங்களும்?

‘...விரைவில் அடைய வாழ்த்துகிறோம்.’

இன்னொரு தடவை வாசியுங்கள்.

தம்பி, சிரிக்காதீர்கள். அவர் ஒன்றியத் தலைவர். பின்னால் எப்போதும் ஆறு பேர் வருவார்கள். இந்தத் தடவை எம்.எல்.ஏ. சீட் கேட்டுச் சென்னைக்கும் ஊருக்கும் அலைந்துகொண்டிருக்கிறார். அதற்காகத்தான் அண்ணாச்சி அப்படி எழுதச் சொல்லியிருப்பார், நல்ல மனசோடுதான். ஆனால் நாளைக்கு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ‘சிவலோக பதவி’ என்று காட்டுவார். தலைவர் தமிழ் படித்தவர். அதை வாசித்ததும், வரும் வழியில் முக்கு ரோட்டில் பார்த்த பேனர் நினைவுக்கு வரும். தாங்களும் விரைவில்! கீழே, ‘இவண், குடும்பத்தார் ஐம்பத்தெட்டு பேர்’. என்னையும் சேர்த்துத்தான் ஐம்பத்தெட்டு. 

பேனரை அவிழ்க்கச் சொன்னால் அண்ணாச்சி காரணம் கேட்பார். காரணம் சொன்னால் எல்லாம் போச்சு. மடித்து மாட்டினால் அந்த இரண்டு எழுத்து எங்கே என்பார். என்னை ஒரு நிமிஷம் விடுங்கள். ஒரே ஒரு நிமிஷம்.

...

அந்த வரியில் என்ன தப்பு? பூட்டனார் அடைந்தது சரி. பதவி சரி. தலைவரும் ஒருநாள் அடையத்தான் போகிறார், அதில் சந்தேகம் இல்லை. நீங்களும் நானும்கூட. வாழ்த்துவதும் சரி. ஒரே ஒரு சொல்தான் எண்ணிக்கையில் தப்பு. ‘விரைவில்’. அதை மட்டும் எடுத்துவிட்டால் போதும். ஒரு மூட்டையை மாற்றிவைக்கிற மாதிரி.

பேப்பர் இருக்கிறதா, பாய்? ஒரு பேனா. ‘விரைவில்’ நாலு எழுத்து. அந்த இடத்தில் ‘நூறாண்டு கழித்து’ என்று ஒட்டினால் எட்டு எழுத்து. இரண்டு மடங்கு. எழுத்தைப் பாதி அளவாக்கி இரண்டு வரியாகப் போட்டால் அடங்கும். ஃப்ளெக்ஸ் கடைக்காரன் எனக்குத் தெரிந்த பையன்தான், சின்ன பட்டையாக அடித்து மேலே ஒட்டிவிடுவான். அண்ணாச்சிக்குப் பிழை திருத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய்யும் இல்லை.

இப்போது வாசித்துப் பாருங்கள். ‘எங்கள் பூட்டனார் அடைந்த பதவியைத் தாங்களும் நூறாண்டு கழித்து அடைய வாழ்த்துகிறோம்.’

எப்படி?

பாய், விரித்தே வையுங்கள். ஓரத்தை நன்றாக நீவிவிடுங்கள். ஒரு எழுத்தும் உள்ளே போகக் கூடாது.

ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்? எம்.எல்.ஏ. சீட்டும் நூறாண்டு கழித்துத்தான் என்று ஆகிவிடுமா? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இது ஆயுசு விஷயம். தலைவருக்கு இப்போது ஐம்பத்து நாலு. நூறு கூட்டினால் நூற்று ஐம்பத்து நாலு. சொந்தக் கட்சிக்காரன்கூட அவருக்கு இவ்வளவு தாராளமாக எழுத மாட்டான். முக்கு ரோட்டில் காரை நிறுத்தி அந்த வரியை வாசிக்கும்போது அவர் முகம் எப்படி மாறப் போகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், தம்பி. கூச்சம்தான் எனக்கு. இருந்தாலும், எழுதச் சொன்னது நான்தான் என்று அவரிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.